கடைவாயில் ஒரு துண்டு

மருதையின் சட்டையை மோந்து பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. மலர்க்கொடிக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

மற்ற வீட்டு ஆண்கள் திருட்டுத்தனமாகப் பீடி குடித்தால் சட்டை காட்டிக் கொடுத்துவிடும். மருதைக்குப் பிழைப்பே புகையில்தான். காந்தி மார்க்கெட் பக்கத்தில் சகாயநாதனின் வாழைத்தார் மண்டியில் அவன் மூட்டம் போடுகிறவன். தொட்டியத்திலிருந்து லாரியில் வந்து இறங்கும் பச்சைத் தார்களை ஜன்னல் இல்லாத சின்ன அறைக்குள் அடுக்குவான். மண்பானையில் சருகும் உமியும் போட்டுக் கொளுத்தி, புகையைக் குழாய் வைத்து உள்ளே ஊதுவான். பிறகு கதவிடுக்கைச் சேற்றால் மெழுகிவிடுவான். திறக்கும்போது காய் நிறம் மாறியிருக்கும்.

முன்பெல்லாம் அவன் லாரியிலிருந்து தார் இறக்குகிறவனாகத்தான் இருந்தான். போன ஆடியில் வலது கால் பெருவிரலை எடுத்த பிறகு சுமக்க முடியவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலையாக இருக்கட்டும் என்று சகாயநாதன்தான் மூட்டத்துக்கு மாற்றிவிட்டார். நல்ல மனதோடு செய்தது. ஆனால் பீடியை விடச் சொன்ன மனிதனின் கையில் நாள் முழுக்கத் தீப்பெட்டி இருக்கும்படி ஆகிவிட்டது.

காலுக்குப் போகிற ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன, பீடி குடிக்கிறவர்களுக்கு வருகிற வியாதி என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். இனி ஒரு பீடி தொட்டாலும் அடுத்த விரல் போகும், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால் என்று டாக்டர் தன் கையை ஒவ்வோர் இடமாக வைத்துக் காட்டினார். துணி அளக்கிறவர் மாதிரி இருந்தது. மருதை அங்கேயே மடியிலிருந்த பீடிக் கட்டை எடுத்து வாசல் குப்பைத் தொட்டியில் போட்டான். மீசை முளைக்கும் முன்னாலேயே பழகிய பழக்கம் அது.

போட்டது சுலபம். அதற்குப் பிறகுதான் எல்லாம்.

திருவானைக்காவலில் அவர்கள் குடியிருந்த வீடு ஒரே அறையும் ஒரு சமையல் ஓரமும் கொண்டது. அதற்குள் அவன் நடந்துகொண்டே இருந்தான். விரல் போன காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். சோறு வைத்தால் உப்பில்லை என்பான். உப்புப் போட்டால் கரிக்கிறது என்பான். டீ குடித்து முடித்ததும் கை தானாகக் காதுமடலுக்குப் போகும். அங்கே பீடி செருகியிருக்காது. உடனே டீ டம்ளரை வேகமாகக் கீழே வைப்பான்.

மலர்க்கொடி கேட்டவர்களிடமெல்லாம் யோசனை கேட்டாள். கிராம்பு கொடு என்றார்கள், கொடுத்தாள். சோம்பு கொடுத்தாள். உப்பு போட்ட நெல்லிக்காய், ஒரு செம்பு மோர், புளிப்பு மிட்டாய். எதுவும் வெகுநேரம் நிற்கவில்லை. கிராம்பை மென்று துப்பிவிட்டு, "இதுக்கும் அதுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கேட்டான்.

"அப்படி என்னதாங்க இருக்கு அந்தச் சனியன்ல? ஒரு விரல் நீளத்துக்கு இலையும் தூளும். அது இல்லாம ஒரு ஆம்பளைக்கு இருக்க முடியாதா?" என்று அவள் கத்தியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைத்துக் கேட்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறாள்.

அவளுக்கு வேலை காந்தி மார்க்கெட்டிலேயே ஓர் இலைக்கடையில். விடியும் முன் முதல் பஸ் பிடித்துப் போய்விடுவாள். வாழை இலைக் கட்டுகளைப் பிரித்து, கிழிசல் பார்த்து, நுனி இலையைத் தனியாக, நடுவில் நறுக்கிய ஏட்டைத் தனியாக அடுக்கி, ஓட்டலுக்கு ஒரு கணக்கு, கல்யாண மண்டபத்துக்கு ஒரு கணக்கு என்று நாரால் திரும்பக் கட்ட வேண்டும். தை பிறந்துவிட்டால் முதுகை நிமிர்த்த நேரமிருக்காது. இலைச் சாறு பட்டுப் பட்டு அவளுடைய சேலை எதுவும் சொந்த நிறத்தில் இல்லை. ஈரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் இடுப்புப் பையைத் திறந்து ஒரு வெற்றிலை, கொஞ்சம் பாக்கு, சுண்ணாம்பு, மேலே நகத்தளவு புகையிலை வைத்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வாள். உடம்பு கொஞ்சம் இளகும். எதிரே உட்காரும் அனுசுயாவும் போடுவாள். மார்க்கெட்டில் வேலை பார்க்கிற பெண்களில் போடாதவள் யார்? பசிக்குப் போடுவார்கள், பல்வலிக்குப் போடுவார்கள், தூக்கம் வராமலிருக்கப் போடுவார்கள். அதை யாரும் கெட்ட பழக்கம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. கெட்ட பழக்கம் ஆண்களுக்குத்தான் உண்டு. குடி, பீடி, சீட்டு.

ஒருநாள் மதியம் அவள் சாப்பாட்டுத் தூக்கோடு மண்டிக்குப் போனபோது மருதை மூட்ட அறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பனியன் நனைந்திருந்தது. கை நடுங்கியது. பக்கத்தில் ஒரு பூவன் தார் சிதறிக் கிடந்தது. அவன்தான் தூக்கி எறிந்திருக்கிறான்.

"மலரு, முடியல. தீக்குச்சியக் கிழிக்கிறேன், அந்த வாசம் வருது. மண்டைக்குள்ள யாரோ இழுக்கற மாதிரி இருக்கு. பெட்டிக்கடைக்குப் போயிடுவேன்டி இன்னிக்கி."

அவளுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. பையைத் திறந்தாள். இளசாக ஒரு வெற்றிலை எடுத்து, நரம்பு கிள்ளி, தான் போடுவது போலவே மடித்தாள்.

"இதக் கடைவாய்ல அடக்கிக்கிங்க. முழுங்காதீங்க. எங்கம்மா பல்லுவலின்னா எனக்கு இதத்தான் குடுக்கும்."

"பொம்பளைங்க போடறது."

"யாரு பாக்கப்போறா. போடுங்க."

போட்டான். முதலில் முகத்தைச் சுளித்தான். விக்கல் வந்தது. பிறகு தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினான். நடுக்கம் மெல்ல நின்றது. மலர்க்கொடி சிதறிய காய்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவன் முகத்தில் இருந்த முறுக்கம் விட்டிருந்தது.

அன்றிலிருந்து சாப்பாட்டுத் தூக்கின் மூடிக்குள் இரண்டு மடிப்பு வைத்துக் கொடுத்தாள். சாயங்காலத்துக்கு வீட்டில் ஒன்று. வீடு அமைதியானது. சோற்றில் உப்பு சரியாக இருந்தது.

ஆனால் கால் ஆறவில்லை.

பெருவிரல் எடுத்த இடம் மூடியிருந்தது. அடுத்த விரலின் ஓரத்தில் மிளகளவுக்கு ஒரு புண் வந்தது. பிறகு புளியங்கொட்டை அளவாயிற்று. ஓரங்கள் கறுத்தன. வலி வந்தால் காலைத் தொங்கப் போட்டபடியே உட்கார்ந்திருப்பான். படுத்தால் வலி கூடும். அவள் வெந்நீரில் உப்புக் கரைத்துக் கழுவினாள். களிம்பு போட்டாள். தெருமுனைக் குழிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

காட்டூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் பானுப்ரியா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாள். வாசலில் வைத்து அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அப்பா குடிக்குதும்மா."

"இல்லடி."

"பின்ன எப்படி இப்படி ஆவும்? டாக்டர் என்ன சொன்னாரு? நிறுத்துனா ஆறும்னாரு. ஆறல. அப்ப நிறுத்தல. இதுக்கு எதுக்கும்மா பெரிய படிப்பு?"

"வாய ஊதச் சொல்லித்தான் பாக்கறேன் தெனமும்."

"வெத்தல வாசத்துல என்னா தெரியும் உனக்கு? சட்டையும் பொகை. அறையும் பொகை. அந்த அறைக்குள்ள உக்காந்து என்ன பண்ணுதுன்னு யாருக்குத் தெரியும்? ஒளிஞ்சு குடிக்கறதுக்குன்னே ஒரு வேலைய வாங்கிக் குடுத்திருக்காரு அந்த முதலாளி."

உள்ளிருந்து மருதை குரல் கொடுத்தான்.

"காது நல்லாத்தான் இருக்கு எனக்கு. கால்தான் போச்சு."

பானுப்ரியா அழுதுவிட்டாள். "கொஞ்சம் எங்க மேல இரக்கம் வையிப்பா" என்றாள். மருதை எழுந்து வாசலுக்கு வந்தான். பேத்திக்கென்று வாங்கி வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அவள் பைக்குள் வைத்தான்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்தப் பேச்சு மலர்க்கொடியைக் குடைந்தது. இலை அடுக்கும்போது அனுசுயாவிடம் சொன்னாள்.

"நீ போய்ப் பாத்துட்டு வந்துடுக்கா" என்றாள் அனுசுயா. "சொல்லாமக் கொள்ளாமப் போ. சாப்பாட்டு நேரத்துல போனா மனுஷன் உஷாரா இருப்பாரு. ஒண்ணு ரெண்டு கட்டு நான் கட்டிக்கறேன். அப்படிக் குடிச்சா கையும் களவுமா புடிச்சு அங்கயே ரெண்டு வை."

"அடிக்கச் சொல்றியா?"

"இலைக்கட்டாலதான். நோவாது."

போனாள். மண்டிக்குள் லாரி நின்றது. ஆட்கள் தோளில் சாக்கைப் போட்டுத் தார் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அடுக்கியிருந்த கற்பூரவல்லித் தார்களுக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கிருந்து மூட்ட அறையின் வாசல் தெரிந்தது.

மருதை பானை முன்னால் குந்தியிருந்தான். தீக்குச்சியைக் கிழித்தான். சருகில் வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். குச்சி எரிந்து விரல் வரை வந்தது. உதறினான். இன்னொன்று கிழித்துச் சருகில் வைத்தான். குழாயில் வாய் வைத்து ஊதினான். இருமினான். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தான். மலர்க்கொடி தார்களுக்குப் பின்னால் இன்னும் குனிந்தாள்.

அவன் இரண்டு விரல்களைச் சேர்த்து உதட்டுக்குக் கொண்டுபோனான். இழுத்தான். கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக விட்டான். விரல்களுக்கு நடுவில் ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தான். வெறும் காற்றை இழுத்து வெறும் காற்றை விட்டுக்கொண்டிருந்தான்.

அவள் அப்படியே நின்றாள். அவன் குளிக்கும்போது எட்டிப் பார்த்துவிட்டது போலக் கூச்சமாக இருந்தது.

திரும்பப் போகலாம் என்று நகர்ந்தபோது கால் பட்டு ஒரு கூடை கவிழ்ந்தது. மருதை நிமிர்ந்தான்.

"என்னடி, போலீஸ் உத்தியோகம் கெடச்சிடுச்சா?"

"இல்லீங்க. இந்தப் பக்கம் வந்தேன்."

"வாய ஊதட்டா?"

"வேண்டாங்க."

"பானு கிட்ட சொல்லிடு, பாத்தாச்சுன்னு."

சகாயநாதன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "யம்மா, உன் புருஷன் மேல நான் சத்தியம் பண்றேன். மாதா மேல சொல்றேன். ஒரு பீடி இல்ல. நானே சிகரெட் புடிக்கணும்னா வெளில போயி, ரோட்டத் தாண்டிப் போயிப் புடிக்கறேன், இவன் மூக்குக்கு எட்டக்கூடாதுன்னு."

மலர்க்கொடி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். செய்த பாவத்துக்கு வேறு என்ன செய்வது என்று தெரியாமல் பையைத் திறந்தாள். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே வைத்து மடித்தாள். அவன் வாங்கிப் போட்டுக்கொண்டான்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிரவில்லை. புண் வந்த விரல் முழுக்கக் கறுத்திருந்தது. பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி தேடினார். இடம் மாற்றி மாற்றித் தேடினார்.

"நிறுத்தலைல்ல?"

"நிறுத்திட்டேன் சார்."

"நிறுத்தினா இப்படி இருக்காதுய்யா. எங்கிட்ட பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? உங்க கால்." அவர் எழுதிக்கொடுத்தார். இந்த விரலை எடுத்தாக வேண்டும். வெட்டுகிற இடத்தில் ரத்தம் வந்தால் பாதம் தங்கும். வராவிட்டால் மேலே மேலே போக வேண்டியதுதான். பின்னால் நீண்ட வரிசை இருந்தது. "சிஸ்டர், கொஞ்சம் பேசி அனுப்புங்க" என்றார்.

பெலிண்டா சிஸ்டர் கட்டுப் போடும் அறையில் இருந்தாள். பானுப்ரியாவைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அய்யா, கோச்சுக்காம சொல்லுங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு? ரெண்டு?"

"எம் பொண்ணு மேல ஆணை சிஸ்டர். தொடல."

"நானே ஒளிஞ்சு நின்னு பாத்தேன் சிஸ்டர்" என்றாள் மலர்க்கொடி. "வெறுங்கைய வாய்ல வச்சு இழுக்கறாரு. அவரு சத்தியமா குடிக்கல. அவரத் திட்டாதீங்க."

பெலிண்டா இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. நம்பியதால் இன்னும் குழம்பினாள்.

"சரி. வேணும் வேணும்னு தோணும்ல, அப்ப என்ன செய்வீங்க?"

"மூச்ச இழுத்து விடுவேன். தண்ணி குடிப்பேன். எந்திரிச்சு ஒரு தாரத் தூக்கி எடம் மாத்தி வைப்பேன். அப்பவும் முடியலைன்னா இவ குடுக்கறதப் போட்டுக்குவேன்."

"என்ன குடுப்பாங்க?"

"வெத்தலதான்."

பெலிண்டா மலர்க்கொடியின் வாயைப் பார்த்தாள். உதட்டின் ஓரம், பல்லின் இடுக்கு. "பையக் காட்டுங்கம்மா" என்றாள்.

மலர்க்கொடி தயங்காமல் அவிழ்த்தாள். ஈரத் துணியில் சுற்றிய வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா. பிறகு பேப்பரில் மடித்த கறுப்புப் புகையிலை. அதன் காரநெடி மருந்து நாற்றத்தை மீறி எழுந்தது.

"இதையும் வச்சா குடுப்பீங்க?"

"கொஞ்சூண்டுதான் சிஸ்டர். அது இல்லாம வெறும் வெத்தல நிக்காது. அதுலதான் இவரு இத்தன நாளு தாங்கினாரு. இல்லைன்னா என்னிக்கோ பெட்டிக்கடைக்குப் போயிருப்பாரு."

"தினமுமா?"

"மூணு தடவ."

பெலிண்டா அந்தப் பேப்பரை மடித்து வைத்தாள். "பீடிக்குள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

"தூளு."

"என்ன தூளு?"

மலர்க்கொடி வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே இருந்தது.

"அதே சரக்குதாம்மா" என்றாள் பெலிண்டா. குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "அங்க எரிஞ்சு உள்ள போவுது. இங்க எச்சில்ல ஊறி உள்ள போவுது. ரத்தத்துல கலந்தாச்சுன்னா கொழாய் சுருங்கத்தான் செய்யும். எப்படி வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. அய்யா பீடிய விட்டுட்டாரு. ஆனா அவரு ஒடம்பு விடல. நாம விட விடலம்மா."

நாம என்று அவள் சொன்னது தன்னைத்தான் என்று மலர்க்கொடிக்குப் புரிந்தது. மருதை குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவளச் சொல்லாதீங்க சிஸ்டர்" என்றான். "நல்லதுக்குத்தான் குடுத்தா. எனக்கும்தான் தெரியல. நானும் அறிவு கெட்டுப் போய்த்தான் வாங்கிப் போட்டேன்."

"யாரையும் சொல்லலய்யா. நாங்களும் பீடி பீடின்னே கேட்டோம். இதக் கேக்கல." அவள் எழுந்து கைகழுவினாள். "அம்மா, நீங்களும் விட்டுடணும். ஒரே வீட்ல அந்த வாசத்த வச்சிக்கிட்டு அவரால முடியாது."

இருவரும் பஸ் ஏறினார்கள். காவிரிப் பாலத்தில் ஏறும்போது பையிலிருந்ததை ஆற்றில் எறிந்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஜன்னலோரத்தில் வேறு யாரோ தூங்கிக்கொண்டு வந்தார். எழுப்பி வழி கேட்கச் சங்கடமாக இருந்தது. பாலம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கொல்லைச் சாக்கடை ஓரம் கொட்டினாள்.

காலையில் பல் துலக்கப் போனபோது அவள் கண் முதலில் அங்கேதான் போனது. பேப்பர் பொட்டலம் நனைந்து கிடந்தது. எறும்பு கூட அண்டவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. மருதை உள்ளிருந்து இருமியதும் நிமிர்ந்தாள்.

இலைக்கடையில் அன்றைக்குக் கணக்குத் தப்பியது. மண்டபத்துக்குப் போக வேண்டிய நுனி இலைக் கட்டில் ஏட்டை வைத்துக் கட்டிவிட்டாள். தலை பாறையாகக் கனத்தது. வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது, துப்ப ஒன்றுமில்லை. நாக்கு தானாகக் கடைவாய்க்குப் போய் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தது.

"என்னக்கா, நாக்க உள்ளயே சுத்தற? பல்லு விழுந்துடுச்சா?" என்றாள் அனுசுயா.

"விட்டுட்டேன்."

"எத?"

"போடறத."

அனுசுயா சிரித்தாள். மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள். "மாமாவுக்கு நோவுன்னா அக்காவுக்குப் பத்தியமாம்! ஏங்க்கா, மாமாவுக்கு நாளைக்கி பேதி ஆனா நீயும் போவியா?" என்று சொல்லிவிட்டு, பழக்கத்தில் தன் பையைத் திறந்து நீட்டினாள். வாசம் முகத்தில் அடித்தது.

மலர்க்கொடி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பாக்கு சிதறி ஈரத்தில் உருண்டது. "ஒருத்தி படற பாடு தெரியாம என்னடி இளிப்பு?" என்று கத்தினாள். எல்லோரும் கை நிறுத்திப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவளே குனிந்து பாக்கைப் பொறுக்கினாள். அனுசுயாவும் குனிந்தாள். "சரி விடுக்கா, நான் அந்தப் பக்கம் போயி போட்டுக்கறேன்" என்றாள்.

அறுவை சிகிச்சை நாளில் மதியம்தான் மருதையைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கீழ்ப்பாதி மட்டும்தான் மரத்துப் போகும், நினைவு இருக்கும் என்றார்கள். கதவு மூடியது. பானுப்ரியா ரத்தம் கொடுக்கிற இடத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தாள்.

நடைபாதையில் சிமெண்டு பெஞ்சு. பக்கத்தில் ஜீனத் என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருடைய அண்ணனுக்கு உள்ளே சர்க்கரைப் புண். வெளியூர்க்காரர். மலர்க்கொடியின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, "துவா செய்றேம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். மலர்க்கொடி தலையசைத்தாள்.

வெட்டுகிற இடத்தில் ரத்தம் வந்தால் பாதம் தங்கும். அதையே திரும்பத் திரும்ப நினைத்தாள். ரத்தம் வராவிட்டால், அது அவள் மடித்து மடித்துக் கொடுத்தது. தூக்குச் சட்டியின் மூடிக்குள் வைத்துக் கொடுத்தது. அந்த நினைப்பு வரவும் வாய் கேட்டது. எந்தச் சாமானால் இந்தக் கதி வந்ததோ, அந்தச் சாமானையே கேட்டது. வெட்கமில்லாமல் கேட்டது. கை விரல் நுனிகள் குறுகுறுத்தன. எழுந்து நடந்தாள். குழாயில் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவன் வீட்டுக்குள் நடந்த நடை இதுதானா என்று நினைத்தாள்.

ஜீனத் தன் டப்பாவைத் திறந்தார். ஒரு மடிப்பைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை நீட்டினார். "போடும்மா. மனசுக்குத் தெம்பா இருக்கும்."

அன்புதான். தான் மருதைக்கு நீட்டியதும் இதே அன்புதான்.

மலர்க்கொடி கையில் வாங்கிக்கொண்டாள்.

வாங்கிய கை மூடிக்கொண்டது. வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. உள்ளங்கைச் சூட்டில் வெற்றிலை வாடுவதை உணர்ந்தாள். ஒருமுறை மூக்கைத் துடைப்பது போலக் கையை மேலே கொண்டுபோனாள். காரவாசம் கண்ணில் நீரை வரவழைத்தது. கதவு திறந்தது.

"மருதை கூட யாரு?"

ஓடினாள். பச்சை உடையில் இருந்த டாக்டர் முகமூடியை இறக்கினார்.

"விரல எடுத்தாச்சு. ரத்தம் நல்லா வருது."

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. ரத்தம் வருகிறது என்று ஆஸ்பத்திரியில் யாரும் சந்தோஷமாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. "வருதுங்களா?" என்றாள். "வருதுங்களா சார்?"

"வருது. பாதம் இப்போதைக்குத் தங்கும். அந்தச் சங்கதிய மட்டும் கிட்ட சேத்துடாதீங்க. ரெண்டு பேரும்தான்."

மூடிய கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

சாயங்காலம் வார்டில் மருதை விழித்துத்தான் கிடந்தான். காலில் பெரிய கட்டு. பானுப்ரியா டீ வாங்கக் கீழே போயிருந்தாள். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இடுப்புக்குக் கீழ யாரோ வேற ஆளு படுத்திருக்கற மாதிரி இருக்கு" என்றான் மருதை. பிறகு, "கையில என்ன?" என்றான்.

அவள் திறந்தாள். வெற்றிலை கசங்கிக் கறுத்திருந்தது. உள்ளங்கையில் பச்சையும் சுண்ணாம்பும் ஒட்டியிருந்தன.

"போட்டியா?"

"இல்ல."

"போட இருந்தியா?"

"ஆமா."

அவன் தலையைத் தலையணையில் சாய்த்தான். அவள் காத்திருந்தாள். அவன் திட்டாமல் கிடந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க திட்ட மாட்டேங்கறீங்க? அன்னிக்கி சிஸ்டர் முன்னாடியும் திட்டல, வீட்டுக்கு வந்தும் திட்டல. உங்க விரல எடுத்தது நானு. இப்பவும் இத வாங்கிக் கையில வச்சிக்கிட்டு நிக்கறேன். நாலு வார்த்த திட்டினா என்ன?"

"திட்டணும்னுதான் இருக்கு."

"திட்டுங்க."

"திட்டினா நீ எந்திரிச்சுப் போயி அதப் போட்டுக்குவ." அவன் அவளைப் பார்க்காமல் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னான். "முன்னாடி பீடிக்காக நீ திட்டின அன்னிக்கெல்லாம் நான் நேரா எங்க போவேன்னு நெனச்ச?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"தூக்கிப் போடு அத. என் பக்கம் வாசம் வருது. எனக்கும் வாய் கேக்குது."

அவள் சட்டென்று எழுந்தாள். ரத்தத் துணிகள் போடுகிற வாளி கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதில் போட்டாள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிக்கொண்டு வந்தாள்.

"உக்காரு" என்று அவன் மரத்துப் போகாத தோளை மட்டும் நகர்த்தி இடம் விட்டான். "வாய் இப்படிக் கேக்கறது கொஞ்ச நேரம் இருக்கும். அப்புறம் போயிடும்."

"போயிட்டு?"

"வரும்."

உட்கார்ந்தாள். கடைவாய் காலியாக இருந்தது. எச்சிலை விழுங்கினாள்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றான்.

"இருக்கு."

கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டான். "இன்னும் இருக்கா?"

"இருக்கு."

மூன்றாவது தடவை கேட்டபோது அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "செத்த சும்மா கெடங்க. நீங்க கேக்கக் கேக்கத்தான் ஞாபகம் வருது" என்றாள்.

"அப்படித்தான்டி" என்றான் மருதை. "எனக்கும் நீ கேக்கும்போதெல்லாம் அப்படித்தான் இருந்துச்சு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அதற்கு மேல் கேட்கவில்லை.